பயறு நோயியல் எடுத்துப் படிக்கலாமா, வங்கித் தேர்வுக்கே போய்விடலாமா?

நெல்தரிசு (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். இளநிலை வேளாண்மை கடைசி ஆண்டு. ஊர் மன்னார்குடிப் பக்கம். வீட்டில் ஒன்பது மா நிலம். சம்பா அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, கால் பதிகிற ஈரம் பார்த்து, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்போம். உழவு இல்லை, பாசனம் இல்லை. பனியும் மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும்தான். எங்கள் வீட்டில் நெல்லில் வருவது கடனுக்குப் போகும், உளுந்தில் வருவதுதான் கைக்காசு.

இந்த முறை மாசியில் போய்ப் பார்த்தால் வயல் முழுவதும் மஞ்சள் தேமல். மஞ்சள் அரைத்துத் தெளித்தாற்போல இருந்தது. "இதற்கு என்ன அடிக்க?" என்று அப்பா கேட்டார். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ், வந்த பிறகு மருந்து கிடையாது என்று பாடத்தில் இருந்ததைச் சொன்னேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான்காண்டுப் படிப்புக்கு அந்த ஒரு வரிதானா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

முதுநிலையில் பயிர் நோயியல் எடுத்து, பயறு வகைகளில் வேலை செய்ய வேண்டும் என்று அன்றிலிருந்து ஓர் எண்ணம். வீட்டில் வங்கி வேளாண் அலுவலர் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். சம்பளம், வேலை வாய்ப்பு பற்றி ஏற்கெனவே நிறைய இழைகள் இருக்கின்றன. என் கேள்வி வேறு. பயறு நோயியல் விஞ்ஞானி என்பவர் காலையிலிருந்து மாலை வரை உண்மையில் என்ன செய்கிறார்?

வங்கிக் கவுண்டர் (பதிவு 2)

தேர்வு எழுதுங்கள். எங்கள் வகுப்பில் ஏழு பேர் நோயியல் எடுத்தார்கள். இரண்டு பேருக்கு நிரந்தர வேலை. மூன்று பேர் பூச்சிமருந்து விற்கிறார்கள். மீதி இரண்டு பேர் பத்து மாதத்துக்கு ஒரு திட்டம், அடுத்த திட்டம் வரும்வரை வீடு என்று ஓட்டுகிறார்கள். நான் ஆறு மணிக்குக் கிளையைப் பூட்டிவிட்டுப் போகிறேன். பயிர்க்கடன் கொடுப்பதும் உழவனுக்குச் செய்கிற உதவிதான்.

பழைய நுண்ணோக்கி (பதிவு 3)

தம்பி, முப்பத்தொரு ஆண்டு அந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். காலையிலிருந்து மாலை வரை நாங்கள் நோயை வளர்ப்போம்.

கேலி இல்லை. நெல்லுக்கும் மிளகாய்க்கும் கடன் வாங்கியாவது மருந்தடிப்பார்கள். மானாவாரித் துவரைக்கு யார் அடிப்பார்? மழை பெய்தால் பருப்பு, பெய்யாவிட்டால் விறகு. அந்தப் பயிருக்கு மூன்று முறை மருந்தடி என்று சொல்கிற விஞ்ஞானியை வரப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், நியாயமும் அதுதான். ஆகவே மருந்து விதைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். எந்த விதைக்குள் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரக்கணக்கான வரிசைகளை விதைத்து, அத்தனை செடிமீதும் நோயை ஏவிவிட்டு, எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நோயைத் தாங்கி நின்ற செடியும், நோய் வந்து சேராததால் நின்ற செடியும் பார்வைக்கு ஒன்றுதான். ஏமாந்தால் பத்தாண்டு வேலை வீண். அதனால் நோய் ஒரு செடி விடாமல், ஒரே சீராக வர வேண்டும். தானாக வருகிற நோய் அப்படி வராது. வளர்க்கத்தான் வேண்டும்.

துவரை வாடல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பட்லர் என்ற பயிர் நோயியல் அறிஞர் இந்தியாவில் 1906லேயே எழுதி வைத்த நோய். பியூசேரியம் உடம் என்ற பூசணம் மண்ணில் இருந்துகொண்டு வேர் வழியாக ஏறி, நீர்க்குழாயை அடைத்துவிடும். இதற்கு 'நோய் வயல்' ஒன்று உருவாக்குவோம். வாடிச் செத்த துவரைக் கட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி மண்ணில் கலப்போம். எளிதில் நோய் வாங்குகிற ரகத்தை விதைப்போம். செத்ததை மறுபடி வெட்டி அதே மண்ணில் போடுவோம். இரண்டு மூன்று ஆண்டு இப்படிச் செய்தால், நோஞ்சான் ரகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு செடிக்குமேல் சாகிற நிலம் ஒன்று கிடைக்கும். அதன் பிறகுதான் சோதனையே தொடங்கும். சில வரிசைக்கு ஒரு வரிசை அந்த நோஞ்சான் ரகம் நிற்கும். அது சாகிறவரை பக்கத்து வரிசை பிழைத்ததற்கு அர்த்தம் இல்லை.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி ஒரு வயலை நான்காண்டு பாடுபட்டு வளர்த்து வைத்திருந்தேன். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தகவல். நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். காய்ந்து கருகி நிற்கிற வயல் பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று பண்ணை மேற்பார்வையாளர் சேறு உழுது நெல் நட்டுவிட்டார்! திரும்பி வந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று நாற்று. நீர் கட்டிய மண்ணில் என் பூசணம் எவ்வளவு பிழைத்திருக்கும்? வந்தவர்கள் வயல் அழகாக இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். நோய் செத்துப்போனதற்காக ஒரு நோயியல்காரன் அன்றிரவு சாப்பிடாமல் படுத்தான்.

துவரையில் இன்னொரு நோய் மலட்டுத் தேமல். செடி சாகாது. மற்றச் செடிகளைவிடப் பச்சையாக, புதர்போல நிற்கும், பூக்கவே பூக்காது. முதல் நாற்பத்தைந்து நாளுக்குள் தொற்றினால் காய் என்ற பேச்சே இல்லை. பரப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளம், காற்றில் போகும். இதை ஆயிரம் செடிக்கு எப்படி ஏற்றுவீர்கள்? தூரிகையால் பேனை எடுத்து வைத்தால் ஆயுள் போதாது. 1970களில் ஐதராபாத் பக்கத்துப் பட்டஞ்செருவில் இக்ரிசாட் என்கிற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வழி கண்டார்கள். நோயுற்ற இலை ஒன்றைப் பறித்து, பத்துப் பன்னிரண்டு நாள் நாற்றின் முதல் இலைமீது மடித்து, அடிப்புறம் உள்ளே இருக்கும்படி வைத்து, அலுவலக மேசையில் இருக்கிற ஸ்டேப்ளரால் ஒரு குத்து. பறித்த இலை காயக் காயப் பேன்கள் உயிருக்குப் பயந்து பச்சை இலைக்கு இடம் மாறும். இரண்டு மூன்று வாரத்தில் தேமல் தெரியும்.

இதில் எனக்கு இன்றும் வியப்பான செய்தி எது தெரியுமா? 1931இல் பிகாரின் பூசாவில் பதிவான நோய் இது. எந்த வைரஸ் என்று இக்ரிசாட்டும் ஸ்காட்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து கையும் களவுமாகப் பிடித்தது 2000 வாக்கில்தான். ஆனால் வாடலையும் மலட்டுத் தேமலையும் சேர்த்துத் தாங்குகிற ஆஷா ரகம் 1993லேயே உழவர் கைக்கு வந்துவிட்டது. குற்றவாளியின் பெயர் தெரியாமலே அவனுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், ஒரு ஸ்டேப்ளரை வைத்து.

நாள் முழுவதும் இதுதான் வேலை. எண்ணுவது, குத்துவது, மறுபடி எண்ணுவது. முதுகு வலிக்கும்.

கரிசல் வரப்பு (பதிவு 4)

விளாத்திகுளம் பக்கம் மானாவாரி. ஐயா எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். அந்த விதை எங்கே?

புரட்டாசியில் மழை இறங்கி, நாங்கள் விதைப்பெட்டியைத் தூக்குகிற நாளில் அலுவலகத்தில் கேட்டால், புது ரகம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். கரிசலில் அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. ஈரம் இருக்கிற நான்கு நாளில் போட்டால் உண்டு. கடையில் கிடைத்ததைப் போடுவோம். பிறகு நோய் வந்தால், ஏன் எதிர்ப்பு ரகம் போடவில்லை என்று எங்களையே கேட்பார்கள்.

அதோடு, எதிர்ப்பு ரகம் என்று கொடுத்தது நான்கைந்து ஆண்டில் நோய் வாங்குகிறது. நீங்கள் ஸ்டேப்ளரால் குத்திக் கண்டுபிடித்தது எங்கள் வயலில் எத்தனை நாள் நிற்கும் என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

விருதுநகர் தராசு (பதிவு 5)

அண்ணாச்சி சொல்வது சரி. நான் வியாபாரப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். பயறு கமிஷன் கடை, மூன்றாவது தலைமுறை.

புது ரகம் என்று ஒரு மூட்டை வந்தால் நாங்கள் எண்ணையோ பெயரையோ கேட்பதில்லை. கோணியில் குத்தூசி போட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்புவோம். பருமன், நிறம், தோல் கனம். ஒன்றை வாயில் போட்டுக் கடித்து ஈரம் பார்ப்போம். பருப்பு உடைக்கிற ஆலைக்காரர் அதைத்தான் கேட்பார். நோயை அப்படியே தாங்குகிற ரகமாக இருக்கட்டும், சின்னதாகக் கருத்துப்போய் இருந்தால் குவிண்டாலுக்கு விலை குறைத்துத்தான் கேட்போம். அடுத்த ஆண்டு அந்த உழவர் பழைய ரகத்துக்கே போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தூத்துக்குடியில் இறங்குகிற ஆப்பிரிக்கத் துவரை நிறையப் பார்த்திருக்கிறேன். மலாவி, தான்சானியா, மொசாம்பிக். அங்கேயும் சின்ன நிலக்காரர்கள் மக்காச்சோளத்துக்கு நடுவில் போடுகிற பயிர்தான். 2017 ஆகஸ்டில் இங்கே துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று வரம்பு வைத்தார்கள். அந்தப் பக்கம் விலை தரைக்குப் போய்விட்டது. நோயை எந்த விஞ்ஞானியும் தடுக்கலாம், அரசாணையை எந்தச் செடி தாங்கும்?

பழைய நுண்ணோக்கி (பதிவு 6)

கரிசல் வரப்பு அவர்களுக்கு: விதை கிடைக்கவில்லை என்பதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ரகம் வெளியிடுகிற விழாவில் நாங்கள் சால்வை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம். அன்று ஆதார விதை எத்தனை மூட்டை இருக்கிறது என்று எங்களில் எத்தனை பேர் கேட்டோம்? நான் முதல் பதினைந்து ஆண்டு கேட்கவில்லை.

எதிர்ப்புத் திறன் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்விக்கு வட கர்நாடகத்தைப் பாருங்கள். குல்பர்கா, இப்போது கலபுரகி, துவரையே கதி என்று இருக்கிற மாவட்டம். அங்கே வாடலைத் தாங்க 1986இல் மாருதி ரகம் வந்தது. இக்ரிசாட் எண் ஐசிபி 8863. உழவர்கள் விரும்பி ஏற்றார்கள். வாடல் அடங்கியது. ஆனால் மாருதிக்கு மலட்டுத் தேமலைத் தாங்கும் திறன் இல்லை. ஒரு கதவை அடைத்தால் அடுத்த கதவு. அதற்குப் பிறகுதான் இரண்டையும் தாங்குகிற ஆஷா. அதோடு முடிந்ததா? 2022-23 பருவத்தில் கலபுரகியில் மறுபடியும் வாடலால் பெருஞ்சேதம், அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. எங்கள் வேலை கட்டி முடிக்கிற வீடு இல்லை. ஆண்டுதோறும் கூரை வேய்கிற வேலை.

ஆனால் ஒன்று. உளுந்து தன் மகரந்தத்தாலேயே காய்க்கிற பயிர். நல்ல விதை ஒருமுறை கிடைத்துவிட்டால், நோயில்லாத இடத்தில் தனியாக அறுத்து, காயவைத்து எடுத்து வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு நீங்களே போட்டுக்கொள்ளலாம். துவரையில் அப்படி முடியாது. தேனீ பக்கத்து வயல் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். நல்ல ரகம் உங்கள் கையிலேயே நான்கைந்து ஆண்டில் கெட்டுப்போவதற்கு நோய் மாறியது மட்டும் காரணம் இல்லை, இந்தக் கலப்பும் ஒரு காரணம். வயலின் ஓரத்தை விட்டு நடுவிலிருந்து விதைக்கு எடுத்தால் கொஞ்சம் தாங்கும்.

தராசுக்காரர் சொன்னது நான் பணியில் கற்ற பெரிய பாடம். மலாவியிலேயே பார்க்கலாம். அங்கே வாடல் எதிர்ப்புக்காக 1987இல் ஐசிபி 9145 வந்தது. பிறகு வந்த ஐசீப் 00040 வாடலையும் தாங்கியது, பருமனான வெளிறிய மணியும் தந்தது. சந்தை கேட்டது அந்த மணியைத்தான்.

பிசிஆர் இரவுகள் (பதிவு 7)

முனைவர் பட்ட ஆய்வு மூன்றாம் ஆண்டு, உளுந்து மஞ்சள் தேமல். நெல்தரிசுக்கு இன்றைய நிலையைச் சொல்கிறேன், ஏனென்றால் ஐயா காலத்து வேலையும் என் வேலையும் ஒன்றுபோலவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது.

மஞ்சள் தேமலை ஸ்டேப்ளரால் ஏற்ற முடியாது, இலைச் சாற்றைத் தேய்த்தாலும் வராது. வெள்ளை ஈதான் கொண்டுபோக வேண்டும். அதனால் நான் வெள்ளை ஈ வளர்க்கிறேன். கத்தரிச் செடியில், வலைக்கூண்டுக்குள். காலையில் வெயில் ஏறுவதற்குள் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து, இலைக்கு அடியில் இருக்கிற ஈக்களை உறிஞ்சிப் பிடிப்பேன். நடுவில் துணி கட்டியிருக்கும், பயப்பட வேண்டாம். நோயுற்ற உளுந்தில் ஒரு நாள் விட்டு, பிறகு நாற்று ஒன்றுக்குப் பத்து ஈ வீதம் மூடி வைப்பேன். ஓர் இரவு மின்சாரம் போய்க் கூண்டறை சூடேறினால் அந்த மாதம் முடிந்தது. எனக்கு இரண்டு முறை முடிந்திருக்கிறது.

வயலில் சோதனை என்றால் கோ 5 ரகத்தை இடையிடையே வரிசையாகப் போடுவோம். கோ 5 மஞ்சளாகாத ஆண்டில் மற்ற ரகங்களின் பச்சைக்கு மதிப்பில்லை. ஐயா சொன்ன நோஞ்சான் வரிசை இதுதான்.

ஆய்வகம் எதற்கு என்றால், மஞ்சள் தேமல் ஒரே வைரஸ் இல்லை. வடக்கே பெரும்பாலும் ஒன்று, தெற்கே பெரும்பாலும் இன்னொன்று. இலையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வடக்கே தாங்கிய ரகத்தை இங்கே கொண்டுவந்தால் மஞ்சளாகிறது என்பார்கள். ரகம் பொய் சொல்லவில்லை, வைரஸ் வேறு. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் பயறு ஆய்வு நிலையத்தில் இங்குள்ள நோய்க்கு எதிராகத் தேர்ந்தெடுத்த வம்பன் 8 போன்ற ரகங்கள் இங்கே நிற்பதற்குக் காரணம் அதுதான். நெல்தரிசு, உங்கள் அப்பா போட்ட ரகம் எது?

உதவித்தொகை பற்றிக் கேட்காதீர்கள். எட்டு மாதம் தாமதமாக வந்த கதை ஒன்று இருக்கிறது, அதை எழுதினால் இழையைப் பூட்டிவிடுவார்கள்.

நெறியாளர் (பதிவு 8)

பூட்டமாட்டோம். நிறுவனப் பெயர் மட்டும் வேண்டாம்.

நெல்தரிசு (பதிவு 9)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. முதலில் ஒரு திருத்தம். பழைய நுண்ணோக்கி ஐயா, நான் தம்பி இல்லை, தங்கை.

பிசிஆர் அக்கா, அப்பாவிடம் ரகம் கேட்டேன். "கடையில் கொடுத்த உளுந்து" என்றார். பையில் அச்சடித்த பெயர் எதுவும் இல்லை. பக்கத்து வயல்காரர் சான்று விதை வம்பன் 8 போட்டிருக்கிறார், அங்கே மஞ்சள் செடியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். நான்காண்டு கல்லூரியில் படித்ததைவிட அந்த ஒரு வரப்பில் நின்றது அதிகம் உறைத்தது.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. உங்கள் பணிக்காலத்தில் தவறாகக் கணித்தது உண்டா? எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. நான் சொல்வதை நம்பி ஒருவர் செலவு செய்வாரே.

பழைய நுண்ணோக்கி (பதிவு 10)

மன்னிக்க வேண்டும் அம்மா. நோயைச் சரியாகக் கணிக்கிறவன் என்று பெயர், ஆளைக் கணிப்பதில் கோட்டை விட்டேன்.

தவறு செய்ததுண்டா? உடுமலைப்பேட்டைப் பக்கம், கொண்டைக்கடலை. பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. வயல் திட்டுத் திட்டாகக் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நின்றது. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே வாடல் நோய் என்று தீர்மானித்துவிட்டேன். வேரில் ஊற்றுவதற்குப் பூசணக்கொல்லி எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வாங்கி ஊற்றினார்கள், ஒன்றும் நிற்கவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது அந்த வீட்டு ஆத்தா என்னைத் திட்டவில்லை. ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். ஆணிவேர் சட்டென்று ஒடிந்து பாதி மண்ணிலேயே நின்றுவிட்டது. "ஏனுங்க, வேர் வறட்டியாட்டம் ஒடியுதுங்களே, தண்ணி ஒரு நனைப்பு காட்டுன பாத்தியில ஒண்ணும் சாகலீங்களே" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

வாடலில் வேர் முழுசாக இருக்கும். தண்டை நெடுக்காகப் பிளந்தால் நடுவில் கறுப்பு நூல் ஓடும். உலர் வேரழுகலில் பக்க வேர்கள் உதிர்ந்து ஆணிவேர் முறுகலாகி ஒடியும். அது முப்பது டிகிரிக்கு மேல் வெயிலும் மண் வறட்சியும் சேரும்போது, பூக்கிற சமயத்தில் வருவது. அங்கே தேவைப்பட்டது ஒரு தண்ணீர். நான் விற்க வைத்தது ஒரு டப்பா மருந்து. ஒரு கத்தி, ஒரு செடி, அரை நிமிடம். அதற்கு எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

இந்தக் குழப்பம் என்னோடு மட்டும் இருந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கொண்டைக்கடலை எந்தக் காரணத்தால் காய்ந்தாலும் 'வாடல் தொகுதி' என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த மூட்டையை அவிழ்த்ததில் யஷ்வந்த் லக்ஷ்மண் நெனே என்ற நோயியல் விஞ்ஞானிக்குப் பெரும் பங்கு உண்டு. இது வாடல், இது உலர் வேரழுகல், இது தண்டடி அழுகல், கடுகு போல உருண்டை ஒட்டியிருக்கிறது பாருங்கள், இது வைரஸால் வருகிற குட்டை நோய் என்று 1970களில் அவரும் உடனிருந்தவர்களும் பிரித்துக் காட்டினார்கள். பிரித்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பு தேட முடிந்தது. வாடல் பூசணத்திலேயே இந்தியாவில் நான்கு இனங்கள் இருக்கின்றன என்று 1982இல் ஹவாரேயும் நெனேயும் எழுதினார்கள்.

இந்த விஞ்ஞானி உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்டாயே, நெனேயின் தொழில் வாழ்க்கையைப் பார். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, இமயமலை அடிவாரத்துத் தராய் நிலங்களில் நெல் துருப்பிடித்தாற்போல் ஆகிற 'கைரா' என்னும் நோய். எல்லோரும் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இது கிருமி இல்லை, மண்ணில் துத்தநாகக் குறை என்று 1966இல் காட்டினார். ஒரு நோயியல்காரர் 'இதில் என் இலாகா ஒன்றும் இல்லை' என்று நிரூபித்துப் பெயர் வாங்கியது எனக்கு மிகவும் பிடித்த கதை. அங்கேயே பயறுகளின் மஞ்சள் தேமலிலும் வேலை செய்தார். 1974இல் இக்ரிசாட் போய்ப் பயறு நோயியலைக் கட்டி எழுப்பினார். நான் சொன்ன ஸ்டேப்ளர் குத்தும் அவரும் எம்.வி. ரெட்டியும் கொண்டுவந்ததுதான். பின்னாளில் பழைய வேளாண் சுவடிகளைத் தேடிப் பதிப்பிக்க 1994இல் ஓர் அமைப்பே தொடங்கினார். 2018இல் காலமானார்.

கலபுரகியில் ஒரு துவரைக்காரரிடம் அவர் பெயரைக் கேட்டால் தெரியாது. மாருதி தெரியும், ஆஷா தெரியும். பெயர் வேண்டுமென்றால் இந்தத் தொழிலுக்கு வராதே அம்மா.

கரிசல் வரப்பு (பதிவு 11)

ஐயா தவறை ஒப்புக்கொண்டது மனசுக்கு நன்றாக இருந்தது. அந்த ஆத்தாவுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஒரு சந்தேகம். எங்கள் தாத்தா தனித் துவரை போட்டு நான் பார்த்ததே இல்லை. சோளத்துக்குள் வரிசை விட்டுத்தான் போடுவார். "துவரையைத் தனியே விட்டால் துள்ளி விழுந்து செத்துப்போகும்" என்பார். பருப்பு விலை ஏறிய ஓர் ஆண்டு அப்பா தனியாகப் போட்டார், மூன்றாம் ஆண்டில் வாடல் பாதியைத் தின்றுவிட்டது. தாத்தா சொன்னதில் ஏதாவது இருக்கிறதா, அல்லது தற்செயலா?

பழைய நுண்ணோக்கி (பதிவு 12)

இருக்கிறது. சோளத்தோடு ஊடுபயிராகப் போட்ட துவரையில் வாடல் கணிசமாகக் குறைகிறது என்று இக்ரிசாட்டில் 1980களில் சோதித்துக் காட்டினார்கள். தனித் துவரையை ஆண்டுதோறும் அதே நிலத்தில் போட்டால் பூசணத்துக்கு விருந்து. நான் நோய் வயல் வளர்ப்பதற்குச் செய்ததும் அதேதான்! உங்கள் அப்பா தெரியாமல் எனக்கு ஒரு நோய் வயல் தயார் செய்திருக்கிறார். செத்த கட்டைகளை உழுதுவிடாமல் பிடுங்கி எரித்திருந்தால் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கும்.

வங்கிக் கவுண்டர் (பதிவு 13)

இந்த இழையில் நான் வில்லனாகிவிட்டேன் போலிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். தங்கை, வீட்டில் யாராவது மூன்று நான்கு ஆண்டு சம்பளமில்லாமல் உங்களைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். ஐயா நிரந்தர வேலையில் முப்பத்தொரு ஆண்டு இருந்தவர். இன்று அப்படிச் சேர்வது அரிது. என் கிளையில் பயிர்க்கடன் விண்ணப்பத்தில் உளுந்து என்று எழுதியிருந்தால், என்ன ரகம் என்று நான் கேட்கிறேன். நான்கு பேராவது அதற்குப் பிறகு சான்று விதை வாங்கியிருக்கிறார்கள். அதுவும் ஒரு வேலைதான்.

பிசிஆர் இரவுகள் (பதிவு 14)

வங்கிக் கவுண்டர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. நான் இரண்டு தேர்வும் எழுதினேன், வங்கியில் இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. அது கிடைத்திருந்தால் இங்கே ஈ பிடித்துக்கொண்டு இருந்திருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. முதல்முறை என் கூண்டில் நாற்பது வரிசை மஞ்சளாகி ஒரே ஒரு வரிசை பச்சையாக நின்ற அன்று மட்டும், நல்லவேளை என்று நினைத்தேன். மறுபடி சோதித்தபோது அதுவும் மஞ்சளாகிவிட்டது, அது வேறு.

நெல்தரிசு (பதிவு 15)

இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். "எதில் கிடைத்தாலும் அடுத்த தைக்கு எனக்கு அந்தப் பக்கத்து வயல் விதை பத்து கிலோ வேண்டும்" என்றார். பக்கத்து வயல்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கல்லூரிப் பண்ணையில் வேலி ஓரமாகப் பழைய துவரைச் செடி ஒன்று இருக்கிறது. என் தோள் உயரம், நல்ல பச்சை, பொடிப் பொடி இலை, ஒரு பூ இல்லை. இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆசிரியரிடம் கேட்டு, தொட்டிகளில் துவரை விதைத்து வைத்திருக்கிறேன், இன்றோடு பதினொரு நாள். விடுதி அலுவலகத்தில் ஸ்டேப்ளர் கடன் வாங்கியாயிற்று. நேற்று ஒரு நாற்றில் குத்திப் பார்த்தேன், இலை கிழிந்துவிட்டது.

பழைய நுண்ணோக்கி (பதிவு 16)

பெரிய ஸ்டேப்ளராக இருக்கும். பத்தாம் எண் பின் போடுகிற சின்னதை வாங்கிக்கொள். நடு நரம்பில் குத்தாதே, ஓரமாகக் குத்து. நான்கு நாற்றுக்கு ஆரோக்கியமான இலையை வைத்துக் குத்தித் தனியே வை, இல்லாவிட்டால் ஸ்டேப்ளர் குத்தால் வந்த வாட்டமா பேனால் வந்ததா என்று தெரியாது. வேலை முடிந்ததும் அந்த வேலி ஓரச் செடியைப் பிடுங்கிவிடச் சொல். சுற்றுவட்டாரத் துவரைக்கெல்லாம் பேன் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருக்கும்.